வீட்டில் சொன்னது

எலும்பு முறிவு வார்டில் அவளை எல்லோரும் சார்ஜ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பத்திரண்டு படுக்கைகள், பகல் ஷிப்டுக்கு ஏழு நர்ஸ்கள். யாருக்கு எந்தப் படுக்கைகள் என்று காலை ஏழு மணிக்குப் பிரித்துக் கொடுப்பது அவள் பொறுப்பு. பார்க்கச் சின்ன வேலைதான். ஆனால் எந்த இரண்டு பேருக்குள் பேச்சுவார்த்தை இல்லை, எந்த நோயாளி எரிந்து விழுவார், யார் வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் என்பதெல்லாம் தெரிந்தால்தான் பிரிக்க முடியும். அவளுக்குத் தெரியும். எல்லோரும் அவளிடம் சொல்லுவார்கள்.

அந்த ஏழு பேரில் ஒருத்திக்குப் புயல் என்று பட்டப்பெயர். நடந்தால் திரைச்சீலைகள் ஆடும். எண்பது கிலோ மனிதரைக்கூடத் தனியாளாகப் புரட்டிப் படுக்க வைப்பாள். அவள் ஒருநாள் சார்ஜ் அக்காவை மருந்து அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"அக்கா, புயல் வலுவிழந்து கரையைக் கடந்திடுச்சு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் கண் கலங்கிவிட்டது. முதுகுத்தண்டில் தட்டு விலகியிருக்கிறதாம். ஒரு வருஷத்துக்குக் கனம் தூக்கவே கூடாதாம்.

"இந்த வருஷக் கடைசியில ஒப்பந்தம் புதுப்பிக்கணும்க்கா. வெளிய தெரிஞ்சா அனுப்பிடுவாங்க."

"யாருக்கும் தெரியாது. நான் பார்த்துக்கறேன், போ."

பார்த்துக்கொள்ளவும் செய்தாள். எழுந்து நடமாடும் நோயாளிகளைப் புயலுக்குக் கொடுத்தாள். இடுப்புவரை மாவுக்கட்டுப் போட்டவர்களைத் தானே எடுத்துக்கொண்டாள். மற்றவர்கள் கேட்டால், "அவ கையெழுத்து முத்து மாதிரி இருக்கு, ரெக்கார்டு எழுதட்டும்" என்று சமாளித்தாள். புயல் அக்காவின் செல்லப்பிள்ளை ஆகிவிட்டாள் என்று இரண்டு பேர் முணுமுணுத்ததும் காதில் விழுந்தது. விழாத மாதிரி இருந்துவிட்டாள்.

இப்படியே ஆறு மாதம் ஓடியது. ஒருநாள் மாலை வீட்டுக்கு வந்தவள் நிமிர முடியாமல் கட்டிலில் குப்புறப் படுத்தாள். கணவன் தைலம் எடுத்துவந்து தேய்த்துவிட்டான். அதே மருத்துவமனையில் நான்காவது மாடியில், பணியாளர் நிர்வாகப் பிரிவில் அவனுக்கு வேலை. கல்யாணமாகிப் பதினாலு வருஷம்.

"உனக்கு ஏன் இப்படி வலிக்குது? நீ என்ன மூட்டையா தூக்கறே?"

"புயலுக்கு முடியலைங்க. ஆறு மாசமா அவளுக்குப் பதிலா நான்தான் தூக்கறேன்."

"அடப் பாவமே" என்றான். தொடர்ந்து இதமாகத் தேய்த்தான். அவள் அப்படியே தூங்கிப்போனாள்.

இரண்டு வாரம் கழித்து, மதியம் ஷிப்டு மாறும் நேரத்தில் புயலுக்குக் கடிதம் வந்தது. நின்றபடியே பிரித்தவள் ஒரு வரியை மட்டும் சத்தமாகப் படித்தாள். "நோயாளிகளைத் தூக்கும் பணியிலிருந்து ஆறு மாத காலமாக விலக்கி வைக்கப்பட்டிருப்பதாகத் தெரியவருவதால், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க இயலவில்லை."

கடிதத்தை மடித்தாள்.

"ஆறு மாசம்னு உங்களுக்கும் எனக்கும்தானேக்கா தெரியும்?"

அடுத்த நிமிடம் சார்ஜ் அக்கா நான்காவது மாடிக்குப் படியேறிக்கொண்டிருந்தாள். லிப்டுக்குக்கூடக் காத்திருக்கவில்லை.

கணவன் அவளைப் பார்த்ததுமே எழுந்து, மாடிப்படித் திருப்பத்துக்கு அழைத்துப் போனான். அதிலேயே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"கத்தாதே" என்றான்.

"நான் இன்னும் வாயே திறக்கலை."

"வார்டுக்கு ஒருத்தரைக் குறைக்கணும்னு உத்தரவு. காரணம் இல்லாம யாரையும் அனுப்ப முடியாது. உன் வார்டுல எனக்குத் தெரிஞ்ச காரணம் அது ஒண்ணுதான்."

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? நான் படுத்துக்கிட்டுச் சொன்னதுதானே?"

"உன் முதுகுக்கும் நல்லதுதானே? இனிமே அவ பங்கையும் சேர்த்துத் தூக்க வேண்டாம்."

"ஒரு ஆளைக் குறைச்சா நான் கம்மியாவா தூக்குவேன்? ரெண்டு வாரமா என் எதிர்ல உக்காந்து சாப்பிட்டீங்க. ஒரு வார்த்தை சொல்லலையே."

"சொன்னா விட்டிருப்பியா?"

அவள் படியிறங்கி வார்டுக்குத் திரும்பினாள்.

அன்றைக்கே நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தாள். வேலையைப் பிரித்தது தான்தான், எந்த நோயாளிக்கும் குறை வைக்கவில்லை, தவறென்றால் தண்டனை தனக்கே என்று. முடிவு மாறவில்லை. அவளுக்கும் ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்ததுதான் மிச்சம்.

புயலுக்குக் கடிதம் வந்த மறுநாள் காலையிலேயே ஏழு பேரையும் நிற்க வைத்துச் சொன்னாள்: "என் வாயிலிருந்துதான் போச்சு. வீட்டுல சொன்னேன். அவர் மேல கொண்டுபோயிட்டார்."

இருப்பதிலேயே மூத்த நர்ஸ் கேட்டாள்: "அப்போ நாங்க உங்ககிட்ட சொன்னதெல்லாம்? போன வருஷம் எனக்கு லீவு கிடைக்காமப் போச்சே, அதுவுமா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். உடம்பு சரியில்லை என்று அந்த நர்ஸ் கேட்ட லீவு உண்மையில் தன் மகளைப் பார்க்க வெளியூர் போகத்தான் என்பதைச் சாப்பாட்டு மேசையில் சிரித்துக்கொண்டே சொன்னது நினைவுக்கு வந்தது. பதினாலு வருஷத்தில் இன்னும் என்னென்ன சொன்னாளோ, அவளுக்கே கணக்கில்லை.

மாதக் கடைசியில் புயல் தன் அலமாரியைக் காலி செய்தாள். சார்ஜ் அக்கா பையைப் பிடித்துக்கொள்ளப் போனாள். புயல் கொடுக்கவில்லை.

"நீங்க வேணும்னு செய்யலைன்னு தெரியும்க்கா. ஆனா எனக்கு அதனால என்ன ஆகப்போகுது, சொல்லுங்க?"

இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு மெதுவாக நடந்து போனாள். ஒரு கண் மருத்துவமனையில் சேர்ந்துவிட்டதாகப் பிறகு யாரோ சொன்னார்கள். சார்ஜ் அக்காவின் போனை அவள் எடுக்கவே இல்லை.

வார்டில் மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் அவள் டீ குடிக்க உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்று இப்போது அவளுக்குத் தெரியாது. மூன்று மாதம் தாக்குப்பிடித்தாள். அப்புறம் வேறொரு மருத்துவமனையில் பொறுப்பு எதுவும் இல்லாத சாதாரண நர்ஸாகச் சேர்ந்தாள்.

முதல் நாள் வேலை முடிந்து வந்து, மகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கணவன் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"எந்த வார்டுல போட்டிருக்காங்க?"

அவள் மகளின் நோட்டில் ஒரு கூட்டலைச் சரிபார்த்தாள்.

"உன்னைத்தான் கேட்டேன். எந்த வார்டு?"

"காதுல விழுந்துச்சு" என்றாள் அவள், அடுத்த கணக்குக்குப் பக்கத்தைத் திருப்பியபடி.