பவளம் குடித்த தண்ணீர்

நாகராஜனுக்கு வேதத்தில் எழுதியிருப்பது எழுதியிருப்பதுதான். உலகம் ஆறு நாளில் உண்டானது என்றால் ஆறு நாள். அதற்கு வேறு விளக்கம் சொல்லிக்கொண்டு வருகிறவர்களோடு அவர் தேநீர்கூடக் குடிக்கமாட்டார். ஞானஸ்நானம் எடுத்தபோது, பெயரில் இருக்கிற நாகத்தை விட்டுவிடச் சொன்னார்கள். பெயரை மாற்று என்று எங்கே கட்டளை இருக்கிறது, காட்டுங்கள் என்றார். ஒருவராலும் காட்ட முடியவில்லை.

ஆனால் மனிதரின் வாய்ச்சொல்லை மட்டும் நம்பவே மாட்டார். பால் போத்தலில் உள்ள திகதியை இரண்டு தரம் பார்க்கிற ஆள். அப்படிப்பட்டவரின் கண்ணில்தான், 2011 ஜூலைக் குளிர்காலத்தில் ஒரு புதன்கிழமை பின்னேரம், அந்த வெள்ளைக் கார் பட்டது. மெரிலேண்ட்ஸில் அவர்கள் இருந்த அடுக்குமாடி யூனிட்டின் பல்கனியில் நின்று, நனையத் தொடங்கிய துணிகளை எடுத்துக்கொண்டிருந்தார். கார் தெருமுனையில் நின்றது. வேலை முடிந்து வந்த அவருடைய மனைவி பவளம் இறங்கி, ஓட்டி வந்தவனுக்குக் கையசைத்துவிட்டு நடந்து வந்தாள்.

"ஆர் அது?"

"ஜோர்ஜ். எங்கட முதியோர் இல்லத்துக் குசினியில சமைக்கிறவர். மழையெண்டு கொண்டுவந்து விட்டவர்."

"அப்ப ஏன் முனையில இறங்கினனீர்?"

"வாசலில இறங்கினா நீங்கள் இப்பிடிக் கேப்பியள் எண்டுதான்."

நேரான பதில்தான். அந்த நேர்மையே அவருக்குச் சந்தேகமாக இருந்தது. அடுத்த புதன் மழை இல்லை. கார் மட்டும் வந்தது. முழங்கால் நோகிறது என்றாள். அவள் குளிக்கப் போனதும் அவளுடைய கம்பளிச் சட்டையை எடுத்து முகர்ந்து பார்த்தார். வெங்காயம் மணந்தது. எதை மறைக்க இவ்வளவு வெங்காயம் என்று யோசித்தார். இந்த மனிதரை வைத்துக்கொண்டு என்ன செய்வது!

சிரிப்பாக இருந்தாலும் அவர் பட்டது உண்மையான வேதனை. சோறு இறங்கவில்லை. இருபத்தேழு வருஷம் கூட வாழ்ந்தவள். அவளில் குற்றம் என்றால் பிரிந்துவிடுவது என்று முடிவெடுத்திருந்தார். ஆனால் குற்றமா இல்லையா என்று யார் சொல்வது?

வேதமே சொன்னது. மனைவியில் சந்தேகம் வந்து சாட்சி இல்லாமல் போனால் என்ன செய்யவேண்டும் என்று பழைய ஏற்பாட்டில் இருக்கிறது. ஆசாரியன் மண்பாத்திரத்தில் பரிசுத்த தண்ணீர் எடுத்து, ஆலயத்தின் தரைத்தூளை அதில் போட்டு, ஒரு சாபத்தை எழுதி, அந்த எழுத்தைத் தண்ணீரில் கழுவி, அவளைக் குடிக்கச் செய்யவேண்டும். குற்றவாளி என்றால் வயிறு வீங்கும், தொடை சூம்பும். இல்லையென்றால் ஒன்றும் ஆகாது.

அவர்களுடைய சபைப் பாஸ்டர் ஜெபராஜ் நாகர்கோவில்காரர். விஷயத்தைக் கேட்டதும் பயந்துபோனார்.

"பிரதர், அதெல்லாம் அந்தக் காலத்துக்கு உள்ளது. வீட்டுக்குப் போயி சிஸ்டர்கிட்ட மனசு விட்டுப் பேசுங்க."

பேசுவதாம். விசுவாசிகள் எல்லோரும் ஆசாரியர்கள் என்றும்தானே எழுதியிருக்கிறது? அப்படியென்றால் தானே செய்யலாம். ஞாயிறு ஆராதனை முடிந்தபின், சபை வாடகைக்கு எடுத்திருந்த பள்ளிக்கூட மண்டபத்தில், கதிரைகளை அடுக்குகிற சாட்டில் குனிந்து தரைத்தூளை ஒரு கடித உறைக்குள் சேர்த்தார். தயிர் வாங்கிய மண்சட்டியைக் கழுவி வைத்தார். குமிழ்முனைப் பேனா எழுத்து தண்ணீரில் போகாது என்பதால், குழந்தைகள் படம் கீறுகிற, கழுவினால் போகும் பேனா ஒன்றும் வாங்கினார்.

சனிக்கிழமை காலை பவளத்திடம் சொன்னார். அழுவாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த அதிகாரத்தை இரண்டு தரம் வாசித்தாள். அவளுக்கும் எழுதினது எழுதினதுதான்.

"வாற்கோதுமை மா எங்கை?" என்றாள்.

"என்ன மா?"

"நான் கையில காணிக்கை ஏந்திக்கொண்டு நிக்கவேணும் எண்டிருக்கு. செய்யிறதெண்டா ஒழுங்காச் செய்யுங்கோ."

அவர் கடைக்கு ஓடிப்போய் மா வாங்கிவந்தார். தலைமயிரை அவிழ்க்கவேண்டும் என்பதையும் அவர் மறந்திருந்தார். அவளே கொண்டையை அவிழ்த்தாள். பாதி நரைத்த கூந்தல். சாபத்தை அவர் வாசித்தபோது, எழுதியிருக்கிறபடி இரண்டு தரம் ஆமென் சொன்னாள். பிறகு சட்டியை வாங்கி, எழுத்தைக் கழுவியதில் நீலமாய்க் கலங்கியிருந்த தண்ணீரை, அடியில் கிடந்த தூள் வரை குடித்தாள்.

பிறகு பத்து நாள் அவர் அவளையே கண்காணித்தார். அவள் வயிற்றை ஓரக்கண்ணால் பார்ப்பார். மூன்றாம் நாள் அவள் தொடையைத் தடவினாள். அவருக்கு உயிர் போய்வந்தது. குளிருக்குத் தசை பிடித்திருக்கிறது என்றாள், மறுநாள் சரியாயிற்று. புதன்கிழமை ஜோர்ஜின் கார் வாசலிலேயே வந்து நின்றது. ஒன்றும் வீங்கவில்லை, ஒன்றும் சூம்பவில்லை.

பதினோராம் நாள் நாகராஜன் குசினிக்குள் போய் அவள் முன்னால் முழந்தாளிட்டார். நெஞ்சு நிறைந்த சந்தோஷத்தில் கண்ணீர் வந்தது.

"பவளம், கர்த்தர் உம்மைச் சுத்தமானவள் எண்டு காட்டிப்போட்டார். நான்தான் பிழை விட்டிட்டன். என்னை மன்னிச்சுக்கொள்ளும்."

அவள் கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு போய் வேதத்தை எடுத்துவந்து அதே அதிகாரத்தின் கடைசி வரியில் விரலை வைத்தாள்.

"வாசியுங்கோ."

வாசித்தார். இப்படிச் செய்கிற புருஷன் மேல் அக்கிரமம் இல்லை என்றிருந்தது.

"உங்களில குற்றமில்லை எண்டு கர்த்தரே சொல்லிப்போட்டார். குற்றமில்லாத மனிசனை நான் என்னெண்டு மன்னிக்கிறது?"

"அதில்லையப்பா, நான் உம்மை நம்பாமல் விட்டது..."

"என்னை நம்பாட்டிப் பறவாயில்லை. அதை நம்புங்கோ."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். அவர்களுடைய மகள் கலியாணம் கட்டி மெல்பேர்ணுக்குப் போனபின் வெறுமையாகக் கிடந்த அறையில் அன்றே தன் தலையணையைக் கொண்டுபோய்ப் போட்டாள்.

நாகராஜன் மேசையில் இருந்து அந்த அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்தார். தன்னைப் பாவி என்று சொல்ல ஒரு சொல்லாவது கிடைக்காதா என்று முன்னும் பின்னும் தேடினார். கிடைக்கவில்லை. அவள் மன்னிக்கவேண்டும் என்றால் அந்தக் கடைசி வரி பிழையாக இருக்கவேண்டும். அது பிழையாக இருக்கட்டும் என்று, வாழ்க்கையில் முதல் தடவையாக, அவர் கர்த்தரிடமே மன்றாடினார்.