இரண்டு பேருக்கு ஒரு பேனா ஊசி

சிம்பாங் அம்பாட் கிளினிக்கில் தன் எண்ணைக் கூப்பிடுவதற்குள் பவானேஸ்வரிக்கு உயிர் போய் உயிர் வந்தது. பக்கத்து நாற்காலியில் நாத்தனார் கோமளா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் என்னாலதான் அண்ணி. உங்களுக்கு ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னு முருகனுக்கு நேர்ந்திருக்கேன்."

காலையிலிருந்து இது பத்தாவது முறை. ஆமாம், உன்னால்தான் என்று பவானேஸ்வரி மனத்துக்குள் சொல்லிக்கொண்டாள். பயம் வந்துவிட்டால் நல்ல மனுஷிக்கும் புத்தி இப்படித்தான் போகிறது.

கோமளா வேலை பார்க்கும் புக்கிட் ரம்பாய் ஃபேக்டரியில் ஆண்டுதோறும் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். போன வாரம் கடிதம் வந்தது. ஈரலைக் கெடுக்கும் ஹெபடைட்டிஸ் சி கிருமி அவள் ரத்தத்தில் இருக்கிறதாம். அதைப் படித்த மறுநாளே பவானேஸ்வரியும் இந்தக் கிளினிக்குக்கு ஓடி வந்து ரத்தம் கொடுத்தாள். ஒரே வீட்டில் இருக்கும் அவர்கள் இருவருக்கும் சர்க்கரை நோய். ஏழு மாதமாக இருவரும் குத்திக்கொண்டது ஒரே பேனா ஊசி.

அந்த யோசனை பவானேஸ்வரியுடையது. மாத்திரைக்குச் சர்க்கரை அடங்காததால், வாரம் ஒருமுறை, பேனா போன்ற குழலில் அளவைத் திருகிப் போடும் ஊசியை இருவரையும் வெளியே வாங்கச் சொல்லியிருந்தார்கள் கிளினிக்கில். பெரிய கம்பெனி மருந்துக்குப் பதில், அதையே மற்ற கம்பெனிகள் செய்யும் ஜெனரிக் வந்தும் விலை ஏன் இறங்கவில்லை என்று ரெம்பியா மருந்துக்கடையில் சண்டைக்கே போனாள்.

கடைக்கார ஜனகா பொறுமையாகத்தான் விளக்கினாள். "உள்ள இருக்கிற மருந்து மலிவுதான் ஆண்ட்டி. பேனா செய்யணும், கிருமி படாம அடைக்கணும், ஃபேக்டரியில இருந்து இங்க வர்ற வரைக்கும் ஐஸ்லயே வெச்சிருக்கணும். காசு அதுக்குத்தான் போகுது. அதான் சின்ன அளவும் பெரிய அளவும் கிட்டத்தட்ட ஒரே விலை."

பவானேஸ்வரி கணக்கில் புலி. ஒரே விலை என்றால் பெரிய அளவாக ஒன்று வாங்கி, இருவரும் பாதி பாதி போட்டுக்கொண்டால் போயிற்று! ஊசிமுனையை மட்டும் ஆளுக்கொன்று மாற்றினால் சுத்தம்தானே? ஜனகாவிடம் இதை மட்டும் கேட்கவில்லை. ஞாயிறு காலை குளித்துவிட்டு வந்தால், "மொதல்ல நீங்க போடுங்க அண்ணி" என்பாள் கோமளா. மூத்தவளுக்குக் கொடுக்கும் மரியாதை அது.

எண் வந்தது. கோமளாவை வெளியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். டாக்டர் காண்டீபன் கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"உங்களுக்கும் இருக்கும்மா. பயப்படாதீங்க, இப்ப மாத்திரையிலேயே குணமாகும்."

பேனாவைப் பகிர்ந்துகொண்டதை ரத்தம் கொடுத்த அன்றே அவரிடம் சொல்லியிருந்தாள். அவர் தொடர்ந்தார். "முனையை மாத்தினாலும் பத்தாதும்மா. குத்தும்போது கண்ணுக்குத் தெரியாம ரத்தம் பேனாவுக்குள்ள ஏறிடும். சரி, உங்க நாத்தனாருக்குப் போன வருஷ டெஸ்ட்ல என்ன வந்துச்சு?"

"சுத்தமா இருந்துச்சு டாக்டர். எல்லா வருஷமும் சுத்தம்தான்."

"உங்களுக்கு முன்ன எப்பவாவது ரத்தம் ஏத்தியிருக்காங்களா?"

"மூத்தவன் ஹரிதாஸ் பொறந்தப்ப, ரெண்டு பை ஏத்தினாங்க. அவனுக்கு இப்ப முப்பத்தாறு வயசு."

"அப்பல்லாம் இந்தக் கிருமிக்கு டெஸ்ட் கிடையாது." டாக்டர் அடுத்த ரிப்போர்ட்டைத் திறந்தார். "உங்க ஈரல் ஏற்கெனவே நல்லா கெட்டிருக்கு. இது ஒரு வருஷத்துல ஆகுற காரியம் இல்லம்மா."

பவானேஸ்வரிக்கு மெல்லத்தான் உறைத்தது. தன் உயிருக்காக இத்தனை நாள் பட்ட பயம் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை. முப்பத்தாறு வருடமாக அது அவள் உடம்பில்தான் இருந்திருக்கிறது. ஞாயிறுதோறும் முதலில் குத்திக்கொண்டு, பேனாவைத் துடைத்து, இந்தா என்று நீட்டியவள் அவள்.

கதவைத் திறந்ததும் கோமளா ஓடி வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு விம்மினாள்.

"மன்னிச்சிடுங்க அண்ணி. நான் பாவி."

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஒரு நொடி அப்படி நினைத்தும்விட்டாள். பிறகு கோமளாவின் பிடியிலிருந்து கைகளை விடுவித்துக்கொண்டாள்.

"அழாத கோமளா. நீ எனக்குக் குடுக்கல. நான்தான் உனக்குக் குடுத்திருக்கேன்."