தொண்ணூற்றிரண்டில் ஒரு நாள்

ஹெப்சிபாவுக்குக் காலையிலிருந்தே கால் தரையில் பாவவில்லை. எண்ணூரில் நிலக்கரி இறக்கும் ஒரு தனியார் துறைமுகத்தில் சுற்றுச்சூழல் அதிகாரி அவள். சேர்ந்து பதினொரு மாதம். அவள் முதன்முதலாகக் கையெழுத்துப் போடும் அறிக்கை பதினொரு மணிக்குத் தணிக்கைக்குப் போகிறது. நிலக்கரித் தூசி மூன்றே மாதத்தில் தொண்ணூற்றாறு சதவீதம் குறைந்தது என்பதுதான் அதில் தலைப்புச் செய்தி. இது தேறிவிட்டால் வேலை நிரந்தரம்.

துறைமுக வாசலில் கிரேன் ஓட்டுநர்கள் இருபதடிக்கு ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டார்கள். ‘தூசியை விரட்டிய தூய காற்றே!’ என்று எழுதி, பட்டமளிப்பு விழாவில் எடுத்த அவள் படத்துக்குப் பக்கத்தில் சம்பந்தமே இல்லாமல் ஒரு புலி. வடசென்னையில் காதுகுத்துக்கே புலி வரும், தூசிக்கு வராதா?

அம்மா ஃப்ளோரன்ஸ் மட்டும் மசியவில்லை. துறைமுகத்துக் காற்று வீசும் எர்ணாவூர் வீட்டு மொட்டைமாடியில் காய்ந்த வெள்ளைப் புடவையை மகள் மூக்குக்கு நேரே உதறி, “தூசி கொறஞ்சிச்சுன்னா இது இன்னாடி, பவுடரா?” என்று கேட்டாள். அம்மாவுக்கு எதைச் செய்தாலும் ஒரு நொட்டை என்று சிரித்துக்கொண்டே ஹெப்சிபா பஸ் ஏறிவிட்டாள்.

பத்து மணிக்கு, அறிக்கையின் அட்டைக்குப் படம் எடுக்கலாமென்று, பழைய கருவிக்குப் பதிலாக மூன்று மாதம் முன் மாட்டிய தூசி அளக்கும் பெட்டியிடம் போனாள். கரிமேட்டை ஒட்டிய கம்பத்தில் அது ஜம்மென்று நின்றது. காற்றை இழுக்கும் அதன் தலையில் கெட்டியான பிளாஸ்டிக் உறை. அதன்மேல் ரப்பர் பேண்ட், மூன்று சுற்று.

ஃபிட்டர் வில்சன் ஓடி வந்தார். “இன்னா மேடம், கவர் கிழிஞ்சிட்ச்சா? வேற கீது, மாத்திர்றேன்.”

“யாருண்ணா இதப் போட்டது?”

“நான்தான்! ஃபாரின் மிஷினு. இந்தக் கரித்தூள்ல வுட்டா ஒரே மாசத்துல கலீஜாப் பூடாது? மாட்டுன அன்னிக்கே போட்டுட்டேன்.”

டிவி ரிமோட்டை வாங்கிய உறையோடு பத்து வருஷம் அமுக்குகிற ஊர் இது. அவள் வீட்டு ரிமோட்டும் உறைக்குள்தான் இருந்தது. என்னவென்று திட்டுவாள்?

“ஒரு நாள்கூட கழட்டலியா?”

“ஆயுத பூஜைக்குக் கழட்னேன். பசங்க சந்தனம், குங்குமம்லாம் வெச்சாங்க. மறுநாளு திரும்பப் போட்டுட்டேன்.”

ஹெப்சிபா போனில் அறிக்கையைத் திறந்தாள். தொண்ணூற்றொரு நாள் எட்டு, ஒன்பது மைக்ரோகிராம் என்று சமர்த்தாக இருந்த எண், ஆயுத பூஜையன்று மட்டும் நூற்று எண்பத்தாறுக்கு எகிறியிருந்தது. ‘கருவிக் கோளாறு’ என்று எழுதி அந்த நாளை நீக்கியவள் அவளேதான். பெட்டி உண்மை பேசிய ஒரே நாள் அது. அதுவும் வேலை நடக்காத லீவு நாள்! அழுகைதான் வந்திருக்க வேண்டும், வழி தவறிச் சிரிப்பு வந்தது. ஒன்பதா? கொடைக்கானல்காரன் கேள்விப்பட்டால் கரிமேட்டுக்குப் பக்கத்தில் பங்களா கட்டியிருப்பான்.

மேனேஜர் ஞானதுரை திருச்செந்தூர்ப் பக்கம். விஷயத்தைக் கேட்டதும் கதவைச் சாத்தினார். “மெதுவாப் பேசும்மா. தலைமை ஆபீசுக்கு மெயில் போயிட்டு. லட்டு வேற சொல்லியாச்சு. அந்த ஒரு நாள் யாருக்குத் தெரியப் போவுது?”

“எனக்குத் தெரிஞ்சிபோச்சே சார். எங்கம்மாவுக்கு எப்பவோ தெரியும்.”

தணிக்கையாளர் ராமசெல்வி வந்து உட்கார்ந்ததும், ஹெப்சிபா அறிக்கைக்குப் பதிலாக பிளாஸ்டிக் உறையை மேஜைமேல் வைத்தாள். சொல்லி முடிப்பதற்குள் மூன்று தடவை சிரிப்பு முட்டியது. ராமசெல்வி சிரிக்கவில்லை.

“தொண்ணூத்தியோரு நாள் அளக்கல, ஒரு நாள் நூத்தி எண்பத்தாறு. இப்படி எழுதிக் கையெழுத்துப் போடுவீங்களா?”

போட்டாள். ஞானதுரை லட்டுப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வில்சன் முகம் தொங்கிப்போய் நின்றார். “நான் மூடுனதுதான் தப்பா மேடம்?”

“மூடுனது தப்பில்லண்ணா. மிஷின உட்டுட்டு கரிய மூடியிருக்கணும்.”

அவ்வளவுதான், வில்சனுக்கு உயிர் வந்துவிட்டது. கன்வேயர் பெல்ட் திரும்புகிற மூலையில் தகரம் பிய்ந்து ஆறு மாதமாகத் தூள் கொட்டுகிறது என்றார். தகரம் வரும்வரை எதைக் கட்டுவது? எல்லோர் கண்ணும் வாசலுக்குப் போனது. அரைமணி நேரத்தில் ஃப்ளெக்ஸ் இறங்கி, புலியும் ஹெப்சிபாவுமாக அந்த மூலையை இறுக்கச் சுற்றிக்கொண்டது.

உறை நீங்கிய பெட்டியின் முன் கிரேன் ஓட்டுநர்கள் கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பதுபோல் கூடிவிட்டார்கள். மதியம் இருநூற்று நாற்பது. மூன்று மணிக்கு இருநூற்றுப் பத்து. இருநூறுக்குக் கீழே இறங்கியதும் ஞானதுரையே லட்டுப் பெட்டியைப் பிரித்தார். “மத்த மூலைக்கெல்லாம் நாளைக்கே தகரம் சொல்லுதேன். கூடவே நின்னு பாத்துக்கிடணும், என்னம்மா? இந்த மாசம் மட்டும் இல்ல, எப்பவும்.”

ஹெப்சிபா இரண்டாவது லட்டையும் எடுத்துக்கொண்டாள். ஐந்து மணிக்கு, வேலை மும்முரமாக நடக்கும்போதே, நூற்று எண்பத்தொன்று. விசில் காதைப் பிளந்தது.

“மேடம், உங்க மூஞ்சியெல்லாம் கரி அப்பிக்கினே கீது!” என்று மேலே ஃப்ளெக்ஸில் இருந்த அவள் படத்தைக் காட்டிப் பதறினார் வில்சன்.

“அப்பட்டும்ணா,” என்றாள் ஹெப்சிபா, வாய் நிறைய லட்டோடு. “அங்க அப்புனா எங்கம்மா பொடவைல அப்பாது.”