எந்த வீட்டு எருமைத் தோல்?

பிள்ளை பெற்ற ஆறாம் நாள் காலை. அடுப்பருகே கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த நாங் லாவுக்குக் குளிரில் உடம்பு தூக்கிப் போட்டது. தங்கை நாங் மோ நெற்றியைத் தொட்டாள். கொதித்தது. அந்த நேரம் பார்த்து வெளியிலிருந்து ஏதோ வாடை வந்தது.

"யாரோ எருமைத் தோல் சுடறாங்க போல" என்று மோ சும்மா சொல்லிவைத்தாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அந்த ஒரு வார்த்தையை நினைத்து இன்றைக்கும் அவள் நாக்கைக் கடித்துக்கொள்கிறாள்.

ஷான் மலை ஊர்களில் பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மாதம் எருமைக் கறி ஆகாது. அது சுடுகிற வாடையும் ஆகாது. வாடை ஏறினால் காய்ச்சல் வரும். சுட்ட வீட்டிலிருந்தே ஒரு துண்டு தோல் வாங்கி, கருக்கி, வெந்நீரில் கரைத்துக் கொடுத்தால் இறங்கும். அந்த ஊரில் அப்படித்தான் நம்பினார்கள். லாவின் புருஷன் சாய் தூனும் அவன் அக்கா நாங் தெங்கும் அப்போதே தெருவில் இறங்கிவிட்டார்கள்.

முதலில் பக்கத்து வீட்டு நாங் கியாங்.

"காலையில நீ தோல் சுட்டியா?" என்றாள் தெங்.

"நான் கடுகுக்கீரை ஊறப்போட்டேன்டி. வேணும்னா கையை மோந்து பாரு."

"கையை மோந்து நான் என்ன செய்ய? துண்டைக் குடு."

"சுடாத தோலுக்குத் துண்டுக்கு எங்க போறது? என் தொடையில உரிச்சுத் தரவா?"

கடைசியில் தொல்லை தாங்காமல், போன மாதத்துத் தோலில் ஒரு துண்டை வெட்டி வீசினாள். கருக்கிக் கொடுத்தார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. இறங்கவில்லை என்றால் என்ன அர்த்தம்? வீடு தப்பு என்று அர்த்தம். அடுத்த வீடு. அதற்கடுத்த வீடு. மறுநாள் தூன் ஆற்றுக்கு அந்தப் பக்கத் தெருவுக்கே போய்விட்டு வந்தான்.

அக்காவின் துணிகளை அலசியவள் மோ. அவற்றில் ஒரு நாற்றம் அடித்தது. அது எருமைத் தோல் நாற்றம் அல்ல. ஊர் அடுப்பையெல்லாம் மோந்து பார்த்தவர்கள் அந்தத் துணிப் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

"மச்சான், டவுன் ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம். அக்காவுக்கு உள்ள என்னமோ ஆயிருக்கு" என்றாள்.

தூன் பதில் சொல்வதற்குள் தெங் முந்திக்கொண்டாள். "கல்யாணம் ஆகாத கழுதை, உனக்கு என்னடி தெரியும்? மாசம் முடியாம வாசல் தாண்டினா, உடம்புல இருக்கற முப்பத்திரண்டு உயிரும் வழியெல்லாம் சிந்திடும். நீ போய்ப் பொறுக்கிட்டு வருவியா?"

"இங்க இருந்தா மட்டும் சிந்தாதா?" என்று மோ கத்தினாள். யார் காதில் விழுந்தது?

ஊர் மருந்துக்காரர் லுங் பன் வேர் பறிக்க மலையேறியிருந்தார். காய்ச்சல் வந்த நாலாம் நாள் மத்தியானம்தான் இறங்கினார். கூடையை இறக்காமலேயே வீட்டுக்குள் வந்தவர், லாவின் வயிற்றில் கை வைத்தார். அவள் அலறினாள். பக்கத்தில் தட்டு நிறையக் கருகிய துண்டுகள். எண்ணிப் பார்த்தார், ஏழு.

"ஏழு வீடு ஏறி இறங்கினீங்களே, அந்த நேரத்துல டவுனுக்கு ரெண்டு தடவை போய்ட்டு வந்திருக்கலாமேடா!" என்று தூனைப் பார்த்துக் கத்தினார். "நாப்பது வருஷமா வேர் வேகவைக்கிறேன். வாடைக் காய்ச்சல் வந்த அன்னைக்கே இறங்கிடும். இது உள்ள புண்ணு அழுகற காய்ச்சல். இதுக்கு என் கூடையில வேர் இல்ல. டிராக்டரை எடு."

"மாசம் முடியலையே" என்று தெங் இழுத்தாள்.

"உயிரைக் கூப்பிடறது யார் வேலை? உன் வேலையா, என் வேலையா?"

லாவின் மணிக்கட்டில் வெள்ளை நூலைக் கட்டினார். மறுமுனையை டிராக்டர் பெட்டியின் கம்பியில் முடிந்தார். "முப்பத்திரண்டு பேரும் ஏறுங்க. ஒருத்தரும் பின்தங்கக் கூடாது. டவுனுக்குப் போறோம்" என்று உரக்கக் கூப்பிட்டார். லாவ் லேசாகச் சிரித்தாள். மோ பார்த்த கடைசிச் சிரிப்பு அது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மா, நஞ்சுக்கொடியின் துண்டு உள்ளே தங்கிச் சீழ் பிடித்து, ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார். "முதல் நாளே வந்திருந்தா கழுவி, ஊசி போட்டு அனுப்பியிருப்பேன். நாலு நாளா என்ன செஞ்சிட்டிருந்தீங்க?"

தூன் வாயைத் திறந்தான். "எருமைத் தோல்..." என்றான். அந்த அம்மாவும் ஷான்காரிதான். கேட்க வேண்டியதில்லை என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் லாவ் போய்விட்டாள்.

துக்க வீட்டில் பாதி ஊர் கூடியிருந்தது. தெங் மூக்கைச் சிந்திக்கொண்டே, "லுங் பன்தான் மாசம் முடியறதுக்குள்ள வாசல் தாண்ட வச்சாரு. அதனாலதான்..." என்று ஆரம்பித்தாள். இரண்டு மூன்று தலைகள் ஆமாம் என்று ஆடின. மோவுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் அவளுக்கு முன்னால் தூன் எழுந்தான். கையில் குழந்தை.

"நிறுத்துக்கா. ஏழு வீட்டுல ஏறி இறங்கினோம், எட்டாவதா அவர் வீடா? 'என்னால ஆகாது'ன்னு சொல்ற நேர்மை அந்த மனுஷனுக்கு இருந்துச்சு. கண்ணெதிர்ல கிடந்தவளைப் பார்க்கற புத்தி எனக்கு இல்ல. அவளைக் கொன்னது வாடையும் இல்ல, வாசலும் இல்ல. நாலு நாள் நான் தெருவுல அலைஞ்சேன் பாரு, அது." குழந்தை வீறிட்டது, அவன் நிறுத்தவில்லை. "எல்லாரும் கேட்டுக்குங்க. நாளைக்கு உங்க வீட்டுல பிள்ளை பெத்தவளுக்குக் காய்ச்சல் வந்தா, நூல் கட்டுங்க, வேர்த் தண்ணி குடுங்க, நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா அதை டவுனுக்குப் போற வண்டியில உட்கார்ந்து குடுங்க. யாரால வந்துச்சுன்னு, அவ பிழைச்சு வந்த பிறகு தேடிக்கலாம்."