கழுத்தைத் திருப்பும் பறவை

அச்சகத்தில் காகிதம் வெட்டும் மிஷினுக்கு அந்த அக்கா மாறி வந்த முதல் வாரத்திலேயே அது ஒன்பது தடவை நின்றுபோனது. ‘ஜின்க்ஸ்’ என்று அவளுக்குப் பட்டம் கட்டியவன் மெக்கானிக். காலடி பட்டாலே காரியம் கெடும் ஆள் என்று அர்த்தம். வாய்க்கொழுப்பு, வேறென்ன!

ஆறு வருஷம் பசை தடவிவிட்டு, கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய மிஷின் அது. இன்னொரு தடவை நின்றால் பழையபடி பசை மேஜைதான் என்று மேனேஜர் கறாராகச் சொல்லியிருந்தார். மறுநாள் காலையிலேயே நின்றது.

மெக்கானிக் ஓடி வந்தான். "தள்ளி நில்லுங்கக்கா."

அவள் அசையவில்லை. "நீ வெச்ச பேருக்கு அகராதியில அர்த்தம் பாத்தேன் தம்பி. ஒரு பறவையோட பேர்லேருந்து வந்திருக்கலாமாம்."

"பறவையா?"

"ஆமா. கையில பிடிச்சா கழுத்தைப் பாம்பு மாதிரி முறுக்கிப் பின்னால திருப்புமாம். அதைப் பாத்து மிரண்டு, அந்தக் காலத்துல வசியம், மந்திரம்னு அதை வெச்சுப் பண்ணியிருக்காங்க. சும்மா விட்டா அது பாட்டுக்கு எறும்பு தின்னுட்டு இருக்கும். பிடிச்ச கையை யாரும் பாக்கல போல."

இன்னொருத்தி என்றால் கத்தியிருப்பாள், இல்லை அழுதிருப்பாள். இவள் அகராதியைப் புரட்டியிருக்கிறாள். என்ன மனுஷி என்று அசந்துபோனான். அப்புறம்தான் உறைத்தது. ஒன்பது தடவையும் அவளை நகர்த்திவிட்டு, அவள் இடத்தில் தானே நின்று ஓட்டிப் பார்த்திருக்கிறான். அவன் நின்றால் அது ஓடாமல் என்ன செய்யும்?

"நீங்களே வெட்டுங்கக்கா. நான் பாக்கறேன்."

காகிதக் கட்டு வலப்பக்க மேஜையில் இருந்தது. அவளோ இடக்கைக்காரி. கத்தி இறங்கும்போதே உடம்பை முறுக்கித் திரும்பி இடக்கையால் அடுத்த கட்டை இழுத்தபோது, குறுக்கே போன அந்தக் கையின் முழங்கை மிஷின் ஓரத்து ஒளிக்கதிரை மறித்தது. கை குறுக்கே வந்தால் கத்தியை நிறுத்துவதற்கென்றே வைத்த கதிர். மிஷின் கப்சிப்.

மேஜையைத் தூக்கி இடப்பக்கம் போட்டான். கத்தி மளமளவென்று இறங்கியது. விளிம்பு ஒவ்வொன்றும் அத்தனை நேர்த்தி. இவ்வளவு கைத்திறமையையா பசை மேஜைக்கு அனுப்ப இருந்தோம் என்று அவனுக்கு வெட்கமாகிவிட்டது.

மேனேஜர் வந்தார். "மறுபடியும் நின்னுதா?"

"நின்னுது சார். தப்பு என்னோடது. மேஜையை மாத்திட்டேன், இனிமே நிக்காது."

அவர் வெட்டிய காகிதத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "சரி, மேஜை அங்கேயே இருக்கட்டும்" என்று போய்விட்டார்.

"இனிமே அந்தப் பேரைச் சொல்ல மாட்டேன்க்கா."

"ஏன்? பறவை பேரு நல்லாத்தானே இருக்கு, கூப்பிடு" என்றாள், அடுத்த கட்டை இழுத்தபடி. "தள்ளி நில்லுன்னு மட்டும் சொல்லாதே."