லாரியின் முதுகில் ஒரு வாக்மேன்

நாமக்கல் பட்டறையில் லாரிகளுக்குப் படம் வரையும் சுகன்யா, மயிலும் கழுகும் வரைந்து சலித்திருந்தாள். அன்று புது லாரியோடு வந்த அர்த்தநாரியோ, "பின்கதவுல உங்களுக்குப் புடிச்சதை வரைஞ்சு உடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தனக்குப் பிடித்தது எது என்று யோசித்தவளுக்குக் கல்லூரிக் காலம் நினைவுக்கு வந்தது. ராசிபுரம் பேருந்தில் அவளும் தோழி ஃபாத்திமாவும் ஒரே வாக்மேனில் பாட்டுக் கேட்பார்கள். ஒரு ஹெட்போனை விரித்து ஆளுக்கொரு பக்கம் காதில் அழுத்திக்கொள்வதால், பள்ளம் வரும்போதெல்லாம் தலைகள் முட்டிக்கொள்ளும். நல்ல பாட்டாக இருந்தால் இறங்க வேண்டிய நிறுத்தம்கூடத் தாண்டிப்போகும்.

சுகன்யா தூரிகையை எடுத்தாள். மாலைக்குள் கதவு முழுக்க ஒரு சிவப்பு வாக்மேன் பளபளத்தது.

திரும்பி வந்த அர்த்தநாரி கதவருகே குனிந்து உற்றுப் பார்த்தார். சுகன்யா முந்திக்கொண்டாள்.

"புடிக்கலீன்னா மயிலே போட்டுரலாங்க."

அவர் விரலை நீட்டி, படத்திலிருந்த மஞ்சள் 'ப்ளே' பொத்தானை அழுத்தினார்.

"ஐயோ, இன்னும் காயலீங்க!"

பொத்தானில் கைரேகை அப்படியே பதிந்துவிட்டது. அர்த்தநாரி சிரித்தார். "கிளீனரா இருந்தப்ப எங்கிட்டயும் ஒண்ணு இருந்துச்சுங்க. வண்டிச் சத்தத்துல பாட்டே கேக்காது. ஆனாலும் காதுல இருந்து கழட்டவே மாட்டேன்."

சுகன்யா ரேகையைச் சரிசெய்யக் குனிந்தாள்.

"அழிச்சுப்போடாதீங்க சாமி," என்று அவசரமாகத் தடுத்தார். "இப்பத்தான் பாட்டு ஆரம்பிச்சிருக்குது."