அண்ணன் போட்ட ஸ்மூத்தி

லிஃப்ட் பழுது பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அப்பாவுக்கு ஞாபகம் நழுவத் தொடங்கியதும், மகள்தான் அவரை டாக்டரிடம் அழைத்துப் போனாள்.

"மந்திரமெல்லாம் கிடையாதும்மா. பழம், கீரை, பருப்பு வகை நிறையச் சேருங்க. நடக்கட்டும். பேச்சுத் துணைக்கு ஆள் இருக்கட்டும்" என்றார் டாக்டர்.

அப்பாவோ பழத்தட்டை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அரைத்துக் கொடுத்தால் மட்டும் மடக்கு மடக்கென்று குடிப்பார். கண்ணாடிக் கடை வேலைக்கு ஓடுவதற்கு முன்னால் அவள் மாதுளை உதிர்ப்பாள், வால்நட்டை ஊறவைத்துத் தோலுரிப்பாள், பசலைக்கீரையை வாசனை தெரியாத அளவுக்கு வாழைப்பழத்தோடும் தயிரோடும் சேர்த்து அடிப்பாள். அண்ணன் எட்டிப் பார்ப்பதே அபூர்வம். வந்தாலும் சோபாவைவிட்டு நகர மாட்டான்.

அப்படி அவன் வந்திருந்த ஒரு நாள், அப்பாவின் அக்காவான அத்தையும் அவரைப் பார்க்க வந்தாள். அப்பா முகமெல்லாம் மலர்ந்து, "அக்கா, என் பையன் தங்கம். தினம் காலைல எனக்கு ஜூஸ் போட்டுக் குடுக்கறான்" என்றார்.

மகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பாமேல் கோபம் வரவில்லை. அவர் மனசுக்குள் எந்த முகம் எதோடு ஒட்டிக்கொண்டதோ! ஆனால் அத்தை அண்ணன் தலையைத் தடவி, "யாருப்பா இந்தக் காலத்துல இப்படிச் செய்யறாங்க?" என்று உருகினாள். அவன் கூச்சநாச்சமில்லாமல் சிரித்தான்.

"என்ன அத்தை, அப்பாவுக்குச் செய்யாம வேற யாருக்குச் செய்யப்போறேன்?"

கோபம் உச்சந்தலைவரை ஏறியது அவளுக்கு. விறுவிறுவென்று உள்ளே போய் மிக்சியையும், பழமும் கீரையும் வால்நட்டும் இருந்த கூடையையும் கொண்டுவந்து அவன் முன்னால் நச்சென்று வைத்தாள்.

"போடுண்ணா. அத்தையும் குடிச்சுப் பாக்கட்டும்."

"ஏய், விளையாடாதே."

"யார் விளையாடறா? தினம் போடற கைதானே?"

அத்தை ஆவலாக நிமிர்ந்து உட்கார்ந்தாள். வேறு வழியில்லாமல் அவன் மாதுளையை மாம்பழம்போல் குறுக்கே வெட்டினான், சட்டையெல்லாம் சிவப்பு. வால்நட்டை ஓட்டோடு போடப் போனான். மூடியை அழுத்தாமல் சுவிட்சைத் தட்டினான். பாதி கீரை சுவரில் தெறித்தது, மீதி அத்தையின் மடியில்.

"தினம் இதைத்தான் பண்றியாக்கும்!" என்று அத்தை புடவையை உதறினாள்.

"தினம் நான்தான் பண்றேன் அத்தை," என்றாள் அவள். "எனக்குப் பாராட்டு வேண்டாம். அவர் மறந்து சொல்றார். இவன் என்ன மறந்துட்டானா? நல்ல நினைவோட திருடறான்!"

அத்தை அண்ணனைப் பார்த்த பார்வையில் அவன் துணி எடுத்துச் சுவரைத் துடைக்கத் தொடங்கினான். "இனிமே ஞாயித்துக்கிழமை உன் பொறுப்பு. நான் போன் பண்ணிக் கேப்பேன்" என்று அத்தை தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள்.

ஞாயிறுதோறும் அவன் வருகிறான், முனகிக்கொண்டேதான். அவள் போர்த்திக்கொண்டு படுத்திருப்பாள். மிக்சி சத்தம் கேட்கும்போதெல்லாம் அவன் திருடிய பாராட்டு நினைவுக்கு வந்து கோபம் மறுபடி ஏறும்.

ஒரு ஞாயிறு அப்பா டம்ளரோடு அவள் அறைக்கு வந்து, ரகசியமாகக் குனிந்தார்.

"உங்க அண்ணனுக்கு என்னாச்சும்மா? மத்த நாளெல்லாம் எவ்வளவு நல்லாப் போடறான்! இன்னிக்கு வாயில வைக்க முடியல."

"அவனையே கேளுங்கப்பா, சத்தமா" என்றாள் அவள்.